அட்டைப்பெட்டியில் ஒரு திருவிழாக் கடை

கோடை விடுமுறையும் தேர்த் திருவிழாக்களும் ஒட்டி ஒட்டி வருகிற ஊர்கள் நம்முடையவை. ராமநவமியை ஒட்டி அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாள் தேர் ஓடும். அடுத்து பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திருவிழா. எங்கே போனாலும் ராட்டினத்துக்கு அருகில் வளையம் எறிகிற கடை, பலூன் சுடுகிற கடை, டப்பாவை அடுக்கிவைத்துப் பந்தால் அடிக்கச் சொல்கிற கடை இருக்கும். பிள்ளைகள் கையிலிருந்த காசு தீர்ந்தாலும் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்கள். கடைகள் லாரி ஏறிய பிறகும் அந்த ஆசை நாலு நாள் வீட்டில் பேச்சாக ஓடும். அதே கடையைத் திண்ணையிலோ மொட்டைமாடி நிழலிலோ அட்டைப்பெட்டிகளால் போட்டுவிடலாம். அதற்கான குறிப்புகள் இவை.

1. கடைக்கு முதலாளி யார் என்பதை முதலில் தீர்மானித்துவிடுங்கள். பிள்ளைதான் முதலாளி. பெரியவர்கள் அட்டையை வெட்டிக் கொடுக்கலாம், பிறகு சீட்டு வாங்கிக்கொண்டு வந்து விளையாடலாம். அதற்கு மேல் கைவைக்க வேண்டாம். 2011 கோடை விடுமுறையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிழக்குப் பகுதியில் கெயின் மன்ராய் என்ற 9 வயதுப் பையன், அப்பாவின் பழைய கார் உதிரிபாகக் கடையில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தான். வியாபாரம் பெரும்பாலும் இணையத்துக்குப் போய்விட்டதால் கடைக்கு நேரில் வருபவர்கள் குறைவு. அங்கே கிடந்த அட்டைப்பெட்டிகளை எடுத்து முதலில் ஒரு கூடைப்பந்து விளையாட்டு செய்தான். பிறகு கால்பந்து, பிறகு கொக்கியை இறக்கிப் பொம்மை தூக்குகிற பெட்டி என்று கடையின் முன்பக்கம் முழுவதையும் நிரப்பிவிட்டான். அப்பா கொடுத்தது இடமும் பெட்டிகளும்தான். ஆட்டத்தின் விதி, விலை, பரிசு எல்லாம் பையனுடைய யோசனை. தன் பழைய காருக்குக் கதவுக் கைப்பிடி தேடிவந்த நிர்வான் மல்லிக் என்ற படக்காரர்தான் அவனுடைய முதல் வாடிக்கையாளர். அவர் எடுத்த 11 நிமிடப் படம் 2012 ஏப்ரலில் வெளிவந்து உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே பல நாடுகளில் குழந்தைகள் அட்டைப்பெட்டி விளையாட்டுகள் செய்யும் நாள் ஒன்றும் தொடங்கியது. கோணலாக ஒட்டியிருந்தாலும் பிள்ளை ஒட்டியது அப்படியே இருக்கட்டும்.

2. பெட்டி தேடிக் கடைவீதிக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போய் அவர்களையே கேட்க விடுங்கள். மளிகைக் கடையில் பிஸ்கட், சோப்பு வரும் பெட்டிகள் கிடைக்கும். பழக்கடையில் ஆப்பிள் பெட்டி வாங்கினால் அது நல்ல தடிமன், கனமான விளையாட்டுக்கு ஏற்றது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற கடையில் பெரிய பெட்டி ஒன்று கிடைத்துவிட்டால் அதில் ஒரு ஜன்னல் வெட்டினாலே கடை தயார். காயலான் கடைக்கு எடைக்குப் போடுவதற்கென்று கடைக்காரர்கள் பெட்டிகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதற்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது.

3. உரக்கடை, பூச்சிமருந்துக் கடைப் பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற நம் பக்கத்தில் அந்தக் கடைகள் நிறைய, பெட்டிகளும் உறுதியாக, பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் புட்டியிலிருந்து கசிந்த மருந்து அட்டையின் உள்மடிப்பில் ஊறி நின்றுவிடும். துடைத்தாலும் வெயிலில் வைத்தாலும் போகாது. பிள்ளைகள் அதே கையோடு மிட்டாய் தின்பார்கள். ஆசிட், பினாயில் வந்த பெட்டிகளுக்கும் இதே விதிதான். வயலுக்கு வாங்கிய மருந்தின் காலிப் பெட்டி வீட்டில் கிடந்தாலும் அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

4. மளிகைப் பெட்டியின் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒட்டியிருக்கும். பெட்டியைப் பிரித்து, நன்றாகத் தட்டி, ஒரு நாள் முழுக்க நல்ல வெயிலில் விரித்துவையுங்கள். அடிப்பக்கம் அடித்திருக்கும் கம்பிப் பின்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு டப்பாவில் போடுங்கள். தரையில் சிந்தினால் வெறுங்காலில் ஏறும்.

5. அட்டையின் நெடுக்கும் குறுக்கும் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஓரத்தில் பார்த்தால் இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் தெரியும். அது 3 பிளை. மூன்று தட்டைத் தாள், இரண்டு அலைத்தாள் என்றால் 5 பிளை. அந்த அலைக்கோடுகள் ஓடுகிற திசையிலேயே அட்டை சுலபமாக மடியும். குறுக்கே மடித்தால் கசங்கி உடையும். எடை தாங்க வேண்டிய சுவருக்கும் காலுக்கும் கோடுகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்டுங்கள். படுக்கையாக ஓடினால் ஒரு பந்து மோதியதும் சுவர் தொய்ந்துவிடும். குறுக்காக மடித்தே ஆக வேண்டிய இடத்தில், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் ஓரத்தில் வைத்து இரண்டு மூன்று முறை அழுத்திக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் மடியுங்கள். மெல்லிய அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும்போது ஒன்றின் கோடு நெடுக்காகவும் அடுத்ததன் கோடு குறுக்காகவும் வரட்டும். பலகை போல நிமிர்ந்து நிற்கும்.

6. கட்டர் பிளேடு பெரியவர் கையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் பென்சிலால் கோடு போட்டுக் கொடுக்கட்டும். ஒரே வெட்டில் அறுக்கப் பார்த்தால் பிளேடு வழுக்கும். இலேசாக மூன்று முறை இழுங்கள். வட்ட ஓட்டைக்கு டம்ளரைக் கவிழ்த்துக் கோடு போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கதிர்களாக வெட்டி, பிறகு சுற்றி எடுத்தால் விளிம்பு பிசிறாது.

7. ஒட்டுவதற்கு மைதாப் பசையே போதும். ஒரு பங்கு மைதாவைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இன்னும் நாலு பங்கு தண்ணீர் சேர்த்து, சிறுதீயில் கிளறிக் கண்ணாடிபோல் ஆனதும் இறக்குங்கள். அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சுங்கள். பசை கெடாமலிருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் புழங்கும் பொருளுக்கு ஆகாது. செல்லோ டேப் நம் ஊர் வெயிலில் இரண்டு நாளில் உரிந்துவிடும். மூட்டுகளுக்குப் பழுப்பு நிறப் பார்சல் டேப் ஒட்டுங்கள். பந்து மோதும் இடங்களில் பழைய வேட்டித் துணிக் கீற்றைப் பசையில் நனைத்து ஒட்டினால் விடுமுறை முடியும் வரை தாங்கும்.

8. காற்றில் பெட்டி சாயாமலிருக்க உள்ளே கனம் வையுங்கள். பிளாஸ்டிக் புட்டியில் மணல் நிரப்பி மூடிப் படுக்கவைக்கலாம், செங்கல் வைக்கலாம். சிமெண்ட் ஆலைகளும் கட்டட வேலைகளும் நிறைந்த அரியலூர் பக்கத்தில் வீட்டில் மிச்ச சிமெண்ட் கிடப்பது சகஜம். அதை மட்டும் எடுக்காதீர்கள். வியர்வை பட்ட கையில் சிமெண்ட் தூள் பட்டால் தோல் புண்ணாகும், கண்ணில் விழுந்தால் ஆபத்து. காலி சிமெண்ட் மூட்டையையும் விளையாட்டுக்குக் கொடுக்க வேண்டாம்.

9. முதல் விளையாட்டு டப்பா அடி. அடியில் மூன்று, அதன்மேல் இரண்டு, உச்சியில் ஒன்று என்று ஆறு காலி டப்பாக்களை அடுக்குங்கள். அடிவரிசை டப்பாவில் கனம் இருந்தால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் விழாது, ஆகவே எல்லாம் ஒரே எடையில் இருக்கட்டும். டப்பா இல்லாவிட்டால் மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கையை இருபுறமும் தட்டையாக நறுக்கி நிறுத்தலாம். விழும்போது சத்தமில்லை, உடையாது, மக்காச்சோள அறுவடை முடிந்த வீட்டில் குவியலாகக் கிடக்கும். பந்துக்குப் பழைய காலுறைக்குள் துணி அடைத்து இறுக்கித் தைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு புடவையைத் தொங்கவிட்டால் பந்து அங்கேயே விழும். தெருவுக்கு ஓட வேண்டாம்.

10. வளையம் எறியும் கடையில் பெரும்பாலும் வளையத்துக்கும் பொருளுக்கும் இடைவெளி மிகக் குறைவு. தட்டையாக நேராக இறங்கினால்தான் விழும், சற்றே சாய்ந்தாலும் முனையில் பட்டுத் தெறிக்கும். வீட்டுக் கடையில் வளையத்தின் உள்விட்டம் பொருளின் அகலத்தைப்போல இரண்டு பங்கு இருக்கட்டும். செய்தித்தாள்களைக் கயிறுபோல் முறுக்கி வளைத்து ஒட்டி, மேலே பழைய புடவைக் கரையைச் சுற்றுங்கள். வெறும் காகித வளையம் காற்றில் மிதந்து திசைமாறும். துணி சுற்றினால் எறிந்த இடத்துக்குப் போகும்.

11. கோலி உருட்ட, பெட்டியைக் கவிழ்த்து அடி ஓரத்தில் வாசல்கள் வெட்டுங்கள். சாதாரணக் கோலி ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். 100 புள்ளி வாசல் இரண்டரை சென்டிமீட்டர், 50 புள்ளிக்கு நாலு, 10 புள்ளிக்கு ஏழு. இரண்டு பக்கமும் அட்டைக் கீற்றால் வரப்பு கட்டினால் கோலி கட்டிலுக்கு அடியில் போகாது.

12. எனக்கு மிகவும் பிடித்தது ஆணிப் பலகை. ஆணிக்குப் பதில் தென்னை ஈர்க்கு. பெரிய அட்டையில் நாலு சென்டிமீட்டர் இடைவெளியில் ஈர்க்குத் துண்டுகளை வரிசையாகக் குத்துங்கள். அடுத்த வரிசையின் துண்டு, மேல் வரிசையின் இடைவெளிக்கு நேர் கீழே வர வேண்டும். பின்பக்கம் நீட்டும் முனைகளை நறுக்கி டேப் ஒட்டுங்கள், முன்பக்க முனைகள்மேல் ஒரு துளி பசை வைத்தால் கண்ணுக்கு ஆபத்தில்லை. அட்டையின் தலைப்பக்கத்தை இரண்டு செங்கல் உயரத்துக்குத் தூக்கி, கீழே ஒன்பது அறைகள் தடுத்துவிடுங்கள். நடு உச்சியிலிருந்து கோலியை விட்டால் ஒவ்வொரு ஈர்க்கிலும் இடமோ வலமோ திரும்பி இறங்கும். பெரும்பாலான கோலிகள் நடு அறைகளில்தான் சேரும். கடைசி அறைக்குப் போக ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் திரும்ப வேண்டும், அது அபூர்வம். ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 19ஆம் நூற்றாண்டில் இதே அமைப்பில்தான் நிகழ்தகவை விளக்கினார். ஆகவே நடு அறைக்கு 5 புள்ளி, ஓரத்துக்கு 100. எந்த அறையில் எத்தனை விழுந்தது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் கிடையாது.

13. வாய்க்குள் பந்து போடும் விளையாட்டுக்கு வெளிநாடுகளில் கோமாளி முகம் வரைவார்கள். நாம் டைனோசர் முகம் வரையலாம், நம் மண்ணுக்கே உரியது. அரியலூர் மாவட்டம் கல்லமேடு பக்கம் கிடைத்த எலும்புகளை வைத்து 1980களில் ஆய்வாளர்கள் புருகத்காயோசாரஸ் என்ற டைனோசரைப் பதிவு செய்தார்கள். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக அது இருக்கக்கூடும் என்று மதிப்பிடுகிறார்கள். கிடைத்தது இடுப்பு, கால் எலும்புகள் போன்ற சில பாகங்கள்தான், அவையும் பின்னர் சிதைந்துவிட்டன. மண்டையோடு கிடைக்கவேயில்லை. அதனால் பிள்ளை எந்த முகம் வரைந்தாலும் தப்பென்று சொல்ல யாராலும் முடியாது. பெரிய வாய்க்கு 10 புள்ளி, சின்ன மூக்கு ஓட்டைக்கு 50. வாய்க்குப் பின்னால் உள்ளே ஓர் அட்டைச் சரிவு வைத்தால் போட்ட பந்து கீழ்வழியாகக் கடைக்காரரிடம் திரும்பி வரும்.

14. கைவிட்டுச் சொல்: மூடிய பெட்டியில் கை நுழைய இரண்டு ஓட்டை, உள்ளே ஏதாவது பொருள், தொட்டுப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். பாகற்காய், புளியங்கொட்டை, பருத்திக் காய், தேங்காய் நார் என்று வீட்டுப் பொருள்களே போதும். களிமண்ணைத் திரித்து நத்தைபோல் சுருட்டிக் காயவைத்து அம்மோனைட் செய்தும் போடுங்கள். நம் மாவட்டங்கள் ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தவை என்பதற்கு அந்தக் கடலுயிரிதான் சாட்சி. 2020இல் குன்னம் பக்கம் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊரே நம்பியது, அவை அம்மோனைட் சார்ந்த படிவங்கள் என்று பிறகு புவியியலாளர்கள் விளக்கினார்கள். விளையாட்டைச் செய்வதற்கு முன்னால் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிற, ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையான கல்மரத்தையும் பார்க்கட்டும். அங்கிருந்து துண்டுக் கல்லும் எடுத்து வரக்கூடாது என்பதைப் போகும்போதே சொல்லிவிடுங்கள்.

15. மீன்பிடிப் பெட்டிக்குப் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டுங்கள். காகித மீன்களுக்கு ஜெம் கிளிப். பொத்தான் அளவுள்ள சின்னக் காந்தம் வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளை போட்டுவிடும்.

16. பலூன் சுடும் கடையை வீட்டில் போடாதீர்கள். ஊசி, அம்பு, ரப்பர் துப்பாக்கி எதுவும் கண் உயரத்தில் பறக்கக்கூடாது.

17. எறியும் கோடு எங்கே என்பதை முதலாளியே சோதித்து முடிவு செய்யட்டும். பத்து எறி எறிந்து பார்த்து, நாலைந்து விழுகிற தூரத்தில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். எல்லாமே விழுந்தால் இரண்டாம் முறை ஆட ஆசை வராது, ஒன்றும் விழாவிட்டால் சின்னது அழுதுகொண்டு போய்விடும். பாப்பாவுக்கு ஒரு கோடு, அண்ணனுக்கு ஒரு கோடு, தாத்தாவுக்கு இன்னும் தள்ளி ஒரு கோடு என்று மூன்று போடுவது நியாயம்.

18. சீட்டுக்குத் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் போதும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் கெட்டியான சீட்டு கிடைக்கும். கெயின் ஒரு டாலருக்கு 4 ஆட்டம் என்றும், 2 டாலர் கொடுத்தால் 500 ஆட்டம் ஆடும் சீட்டு என்றும் விலை வைத்திருந்தான். அந்தச் சீட்டு போலியா என்று பார்க்க ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கால்குலேட்டர் ஒட்டி, சீட்டிலுள்ள எண்ணை வர்க்கமூலப் பொத்தானால் சரிபார்த்தான். பரிசுச் சீட்டு இயந்திரத்திலிருந்து வருவதுபோல் இருக்க, பெட்டிக்குள் தானே புகுந்து துவாரத்தின் வழியே தள்ளிவிட்டான். உங்கள் வீட்டு முதலாளியும் இப்படி ஏதாவது கண்டுபிடிப்பார், நீங்கள் அவசரப்பட்டுச் சொல்லித்தராமல் இருந்தால். பாட்டி ஆட வந்தாலும் சீட்டு கேட்க வேண்டும். கேட்டு வாங்குவதில்தான் பிள்ளைக்குக் கடை நடத்துகிற பெருமை வரும்.

19. பந்தயம் கட்டுவதும் காசைப் பரிசாகக் கொடுப்பதும் வேண்டாம். கடலை மிட்டாய், தேன் மிட்டாய், பென்சில், ரப்பர், ஒரு ரிப்பன் போதும். தோற்றவர்களுக்கும் ஒரு கமர்கட் உண்டு என்று பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

20. புள்ளிகளைக் கூட்டுவது சின்னப் பிள்ளைகளின் வேலை. 2022இல் தமிழக அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஆடிப்பாடித்தான் கணக்குப் படித்தார்கள். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணினால் 10, 50, 100 கூட்டுவது தானாக வரும். கடைசியில் கொட்டைகளையும் கோலிகளையும் எண்ணி டப்பாவில் மூடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் கோலி வேண்டாம், பெரிய துணிப்பந்து விளையாட்டுகள் மட்டும் போதும்.

21. கடையைக் காலையிலும் நாலு மணிக்கு மேலும் திறக்கலாம். உச்சி வெயிலில் கடைக்கு விடுமுறை என்று பலகை தொங்கட்டும். வேப்பமர நிழல் இருந்தால் அங்கேயே போடுங்கள்.

22. இரவில் பெட்டிகளை மண்தரையில் விடக்கூடாது. கரையான் ஒரே இரவில் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும். செங்கல் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கோடை மழை திடீரென்று வரும். நனைந்த அட்டை காய்ந்தாலும் பழைய உறுதி திரும்பாது.

23. பள்ளி திறந்ததும் டேப்பை உரித்து, ஈர்க்கு, துணி எல்லாம் எடுத்துவிட்டு, அட்டையைத் தட்டையாக மடித்துக் கட்டுங்கள். ஈரமில்லாத, டேப் இல்லாத அட்டையைக் காயலான் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். தராசில் ஏற்றுவதும் காசு எண்ணி வாங்குவதும் முதலாளியின் வேலை. வருகிற பணம் கல்லாப்பெட்டிக்குப் போகட்டும், அடுத்த விடுமுறைக்குப் பார்சல் டேப் வாங்க ஆகும்.